உடல்நலம் குறித்த கலந்துரையாடல் வகுப்பு: கற்பிக்கும் முறை பற்றிச் சில விளக்கங்கள்

பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர் ஒரு பாடத்தை இரண்டு இடங்களில் கற்கிறார். ஒன்று விரிவுரைக் கூடம். அங்கே பேராசிரியர் பேச, நூறு பேரோ இருநூறு பேரோ கேட்டுக் குறிப்பெடுப்பர். மற்றொன்று, பேச்சுவழக்கில் டியூட்டோரியல் என்று நாம் சொல்லும் சிறு வகுப்பு. இருபது பேர், இருபத்தைந்து பேர் ஒன்றாக அமர்ந்து, அந்த வாரம் கேட்டதையும் படித்ததையும் தமக்குள் வாதிட்டுப் பார்க்கும் இடம் அது. இக்கட்டுரையில் அதனைக் கலந்துரையாடல் வகுப்பு என்றே குறிப்பிடுகிறேன். உடல்நலம், மருத்துவப் பராமரிப்பு ஆகியவை பற்றிய பாடங்கள் இன்று மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் உரியவையல்ல. சமூகவியல், பொருளியல், வரலாறு, மெய்யியல், சமூகப்பணி எனப் பல துறைகளில் அவை இடம்பெறுகின்றன. அத்தகைய பாடத்திற்குக் கலந்துரையாடல் வகுப்பு நடத்துவதில் உள்ள தனிச்சிக்கல் யாது, அதனை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதே இங்கு விளக்கப்படுகிறது. பல்கலைக்கழகத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டாலும், தொடக்கக் கல்லூரியிலும் ஆறாம் படிவத்திலும் கற்பிப்போர் இதன் பெரும்பகுதியைத் தம் வகுப்புக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

வெப்பவியல் பற்றிய வகுப்பில் மாணவர் எவரும் தம் பாட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. உடல்நலம் பற்றிய வகுப்பில் முதல் கால் மணி நேரத்திற்குள் ஒரு பாட்டி வந்துவிடுவார். அதில் தவறில்லை, நோயும் மருத்துவமனையும் எல்லார் வீட்டுக் கதையிலும் உள்ளவை. ஆனால் எல்லாருக்கும் முன்பே தெரிந்த பொருளைக் கற்பிப்பது, யாருக்கும் தெரியாத பொருளைக் கற்பிப்பதைவிடக் கடினம். வகுப்பு இரண்டு வழிகளில் சறுக்கும். சில வேளை அது அறிவுரையாகிவிடும். இனிப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், நேரத்தோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அனைவரும் ஒத்துக்கொள்ள, பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். மருந்தகச் சுவரொட்டி செய்யும் வேலைக்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. வேறு சில வேளைகளில் அது துயரப் பகிர்வாகிவிடும். ஒரு மாணவி தம் தாயின் புற்றுநோயைப் பற்றிக் கண்கலங்கப் பேசுவார். மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள். அதன்பின் எந்தக் கருத்தையும் மறுத்துப் பேசுவது இரக்கமின்மையாகத் தோன்றும்.

இவ்விரண்டுக்கும் இடையே ஆசிரியர் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. "இது யாருடைய தவறு?" என்னும் கேள்வியோடு வரும் வகுப்பை, "இது எவ்வாறு இப்படி அமைந்தது?" என்னும் கேள்விக்கு நகர்த்துவதே அப்பணி. மாணவர் எந்தத் துறைக்குச் சென்றாலும் இதன் விளைவு அவருடன் செல்லும். நாளை அவர் ஒரு பள்ளியில் கற்பிப்பார், ஓர் அமைச்சில் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பார், ஒரு நிறுவனத்தில் ஊழியரின் விடுப்பைத் தீர்மானிப்பார். நோயுற்றவரைத் தவறு செய்தவராகவே பார்க்கும் பழக்கம் அப்போது அவரிடம் இருக்குமா இல்லையா என்பது சிறு செய்தியன்று.

சொற்களிலிருந்து தொடங்குதல்

பாடநூல்கள் பெரும்பாலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறையிலிருந்து தொடங்கும். 1948-இல் நடைமுறைக்கு வந்த அந்நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், நோயில்லாதிருப்பதை மட்டும் உடல்நலம் எனக் கொள்ளாமல், உடல், உள்ளம், சமூக வாழ்வு ஆகிய மூன்றிலும் முழுமையான நலம் பெற்றிருப்பதை உடல்நலம் எனக் கொண்டது. உயர்ந்த நோக்கந்தான். ஆயினும் வகுப்பைத் தொடங்க அது ஏற்றதன்று என்பது என் கருத்து. யாரும் மறுக்க விரும்பாத ஒரு கூற்றைக் கொண்டு வாதத்தைத் தொடங்க இயலாது. வேண்டுமானால், "இவ்வரையறையின்படி இந்த அறையில் உடல்நலத்துடன் இருப்பவர் எத்தனை பேர்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மேலே செல்லலாம்.

அதைவிடப் பயனுள்ளது மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுவது. மருத்துவர் கண்டறிவது நோய். ஒருவர் தம் உடலில் உணர்வது நோவு. அவர் நோயுற்றவர் என்பதைப் பிறர் ஏற்றுக்கொண்டு, அன்றாடக் கடமைகளிலிருந்து அவரை விடுவிப்பது நோயாளி நிலை. மருத்துவச் சமூகவியலும் மருத்துவ மானிடவியலும் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் இப்பாகுபாட்டைத் தமிழில் சொல்ல நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. உயர் இரத்த அழுத்தம் உடையவர் பல ஆண்டுகள் எதையும் உணராமல் இருக்கலாம். அவரிடம் நோய் உண்டு, நோவு இல்லை. எந்தப் பரிசோதனையிலும் காரணம் புலப்படாத முதுகுவலிக்காரரிடம் நோவு உண்டு, பெயர் சூட்டப்பட்ட நோய் இல்லை. மூன்றாவது நிலைக்கு நம் இரு நாடுகளிலும் ஒரு தாள் உண்டு. எல்லாரும் அதனை எம்சி என்பர்.

எம்சி என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பெழும். அந்தச் சிரிப்பை ஆசிரியர் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எம்சி எடுத்த ஒருவர் அன்று மாலை கடைத்தொகுதியில் தென்பட்டால் நமக்கு ஏன் எரிச்சல் வருகிறது? அமெரிக்கச் சமூகவியலாளர் டால்கட் பார்சன்ஸ் 1951-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நோயாளிக்குச் சமூகம் இரண்டு உரிமைகளைத் தருகிறது: கடமைகளிலிருந்து விடுப்பும், நோய்க்காகப் பழிக்கப்படாமையும். பதிலாக இரண்டு கடமைகளை விதிக்கிறது: நலம்பெற விரும்புதல், தகுந்த மருத்துவரை நாடி அவர் சொற்படி நடத்தல். கடைத்தொகுதியில் திரிபவர் இந்த உடன்பாட்டை மீறியவராகத் தோன்றுகிறார். அடுத்த கேள்வியை மாணவர்களே எழுப்புவர். ஒருபோதும் முழுமையாகக் குணமடையாத நீரிழிவுக்கும் மனச்சோர்வுக்கும் இந்த உடன்பாடு எவ்வாறு பொருந்தும்? பழிக்கப்படாமை என்னும் உரிமை எல்லா நோய்களுக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா? எலும்பு முறிந்தவரிடம் கேட்காத கேள்விகளை நுரையீரல் புற்றுநோய் கண்டவரிடம் கேட்கிறோமே, ஏன்? வகுப்பு இங்கே சூடுபிடிக்கும்.

சொற்களைப் பற்றிப் பேசும்போது நம் மாணவர்களிடம் இயல்பாகவே உள்ள ஒரு செல்வத்தை மறந்துவிடக்கூடாது. அவர்களுள் பலர் பலதுறை மருந்தகத்திலோ அரசாங்கக் கிளினிக்கிலோ தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தவர்கள். பதின்மூன்று வயதுப் பேரன் ஒருவன், ஒரு பக்கம் ஆங்கிலமோ மலாயோ பேசும் மருத்துவருக்கும் மறுபக்கம் தமிழ் மட்டும் பேசும் பாட்டிக்கும் நடுவே உட்கார்ந்து செய்யும் பணி, பல்கலைக்கழகத்தில் ஒரு முழு வாரத்திற்கு உரிய பாடப்பொருள்.

அதனை வகுப்பில் நடித்துப் பார்க்கலாம். ஒருவர் மூதாட்டி, ஒருவர் மருத்துவர், ஒருவர் பேரன். மூதாட்டி, "நெஞ்சுல வாயு புடிச்ச மாதிரி இருக்குய்யா, ஒடம்பெல்லாம் ஒரே அசதி" என்கிறார். பேரன் "வாயு" என்பதை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது? அகராதி தரும் சொல்லைச் சொன்னால் கேட்கும் மருத்துவர் செரிமானக் கோளாறு என்று எண்ணக்கூடும். ஆனால் நெஞ்சில் இறுக்கம், வலி, மூச்சு முட்டல் யாவற்றையும் நம் முதியோர் வாயு என்று சொல்வதுண்டு. அங்கே பேரன் தேர்ந்தெடுக்கும் ஒரு சொல், மாரடைப்புக்கான சோதனை உடனே செய்யப்படுமா, செரிமான மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்படுவாரா என்பதைத் தீர்மானிக்கலாம். நடிப்பு முடிந்ததும், பார்த்திருந்தோர் எவையெவை விடுபட்டன என்று பட்டியலிட வேண்டும். மூதாட்டியின் அச்சம் விடுபட்டதா? மருந்துக்குக் கட்டுப்படாத தயக்கம் எதையாவது அவர் சொன்னாரா? பேரன் வெட்கப்பட்டு விழுங்கியது எது?

மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1970-களில் மருத்துவர்களுக்குச் சில எளிய கேள்விகளைப் பரிந்துரைத்தார். இந்நோய்க்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள், ஏன் இப்போது வந்ததாக எண்ணுகிறீர்கள், இதில் எதற்கு மிகவும் அஞ்சுகிறீர்கள் என்னும் வகையினவை அவை. இவற்றை மாணவர்கள் நல்ல தமிழில் அமைத்துப் பார்ப்பது சிறந்த பயிற்சி. மருத்துவமனை அறிவிப்புத் தமிழில் எழுதினால் பாட்டிக்குப் புரியாது. வீட்டுத் தமிழில் எழுதினால் எழுதியவருக்குக் கூச்சம். அந்த இடைவெளியும் உடல்நலம் பற்றிய பாடத்தின் ஒரு பகுதியே.

கிள்ளான், 1901

சொந்தக் கதைகளுக்கு முன் பொதுவான ஒரு நிகழ்வை வகுப்பின் நடுவே வைப்பது நல்லது. அது தொலைவானதாக இருந்தால் யாரும் புண்படமாட்டார்கள். நமக்குத் தொடர்புடையதாக இருந்தால் யாரும் கொட்டாவி விடமாட்டார்கள். இவ்விரு தகுதிகளும் உடைய நிகழ்வு ஒன்று மலாயாவின் மலேரியா வரலாற்றில் உண்டு. அதனை மூன்று தாள்களாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். ஒரு தாளைப் பற்றிய வாதம் ஓய்ந்த பின்னரே அடுத்த தாள் கைக்கு வர வேண்டும்.

முதல் தாள்: சிலாங்கூரின் கிள்ளான் நகரம், 1901. மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் அங்கு மாவட்ட மருத்துவராகப் பணியாற்றுகிறார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருக்கின்றன. கிள்ளானில் காய்ச்சல் பரவி மக்கள் மடிகின்றனர். அதே ஆண்டில் அருகில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், அதே நிலை. நோயாளிகளுக்குக் கொய்னா கொடுப்பதா, சதுப்பு நிலத்தை வடிப்பதா, துறைமுகத்தையே மூடுவதா? மாணவர்கள் இங்கே முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் செலவு யாருடையது, பயன் யாருக்கு என்று கேட்டால் போதும். பேச்சு தானே நடக்கும்.

இரண்டாம் தாள்: வாட்சன் வடிகால் வெட்டவும் காட்டை அகற்றவும் வற்புறுத்தினார். பணிகள் நடந்தன, காய்ச்சலும் சாவும் வெகுவாகக் குறைந்தன. கடலோரச் சமவெளித் தோட்டங்களிலும் அம்முறை பயன் தந்தது. காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும் ஒருவகை அனோபிலிஸ் கொசுவே அங்கு நோயைப் பரப்பியது. நிழலும் தேக்கமும் போனதும் கொசுவும் போயிற்று. இப்போது மாணவர்களிடம் கேட்க வேண்டியது: மலைப்பாங்கான தோட்டங்களில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஏறக்குறைய அனைவரும் அதையே செய்வோம் என்பர். வெற்றி பெற்ற முறையை ஏன் மாற்ற வேண்டும்?

மூன்றாம் தாள்: மலைப்பகுதியில் காட்டை வெட்டியதும் மலேரியா கூடிற்று. அங்கே நோய் பரப்பிய கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடை நீரையே அது விரும்பியது. காடு இருந்தவரை நிழலில் கிடந்த ஓடைகளை ரப்பர் நடுவதற்காகத் திறந்துவிட்டதும் அவை அதற்கு உகந்த இடமாகிவிட்டன. சமவெளியில் மருந்தாக இருந்தது மலையில் நஞ்சாயிற்று. பிறகு ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்துவது, நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிப்பது முதலிய வேறு வழிகளை வாட்சன் மேற்கொண்டார். தம் அனுபவத்தை 1911-இல் நூலாகவும் வெளியிட்டார்.

மூன்றாம் தாளைப் படித்ததும் வகுப்பில் ஒரு கணம் அமைதி நிலவும். முன்பு உறுதியாகப் பேசியோர் தம் உறுதியைத் தாமே ஆராயத் தொடங்குவர். அறிவுரை ஒன்றால் எட்ட முடியாத இடம் இது. இப்போது ஆசிரியர் அடுத்த அடுக்கைத் திறக்கலாம். அந்த மலைத் தோட்டங்களில் வாழ்ந்தோர் யார்? பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் மூலம் அழைத்து வரப்பட்ட தொழிலாளர்கள். லயத்து வீடுகளை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தோர் யார்? அத்தொழிலாளர்கள் அல்லர். அக்காலத்து நிர்வாகிகள் பலர் தோட்டச் சாவுகளுக்குத் தொழிலாளரின் பழக்கங்களையும் வலுவற்ற உடலையும் காரணமாகக் காட்டினர். குடிக்கிறார்கள், சுத்தமில்லை, கொய்னாவைத் துப்பிவிடுகிறார்கள் என்பவை போன்ற குறைகள் அவை. அக்குறைகளுள் சில உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஓர் ஓடைக்கு அருகே படுத்துறங்கும் ஒருவரின் பழக்கங்களைத் திருத்துவதால் அந்த ஓடையில் கொசு பிறப்பது நிற்காது.

கரும்பலகையில் காரணங்களை மேலிருந்து கீழாக எழுதிக்காட்டலாம்: இரத்தத்தில் ஒட்டுண்ணி, அதைக் கொண்டுவந்த கொசு, கொசுவை வளர்த்த ஓடை, ஓடையை வெயிலுக்குத் திறந்த காடழிப்பு, காடழிப்பைத் தூண்டிய ரப்பர் விலை, அவ்வேலைக்கு ஆள் சேர்த்த முறை. இவற்றுள் எதுவும் பொய்யன்று. எந்த அடுக்கில் நின்று பார்க்கிறோம், எந்த அடுக்கில் யாரால் எதை மாற்ற முடியும் என்பதே வாதத்திற்குரியது. மருத்துவ மாணவர் முதல் அடுக்கைப் பிடித்துக்கொள்வார். அரசியல் ஆர்வமுடையவர் கடைசி அடுக்கை விடமாட்டார். இருவரையும் எதிரெதிரே அமர்த்தி, ஒருவர் மற்றவருடைய வாதத்தை முதலில் சரியாக எடுத்துச் சொன்ன பின்பே தம் மறுப்பைக் கூறலாம் என்று விதி வைத்தால், அந்த வகுப்பைப் பற்றி ஆசிரியர் கவலைப்பட வேண்டியதில்லை.

இதற்குப் பிறகே இன்றைய செய்திகளுக்கு வர வேண்டும். சிங்கப்பூரில் நடத்தப்படும் தேசியச் சுகாதார ஆய்வுகள், இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட மிகுதி எனக் காட்டி வந்துள்ளன. இத்தகவலை முன்னேற்பாடின்றி வகுப்பில் வைத்தால் நடப்பது தெரிந்ததே. யாரோ ஒருவர் பிரியாணி என்பார், இன்னொருவர் தே தாரிக் என்பார், சிரிப்பெழும், அறையில் உள்ள இரண்டு இந்திய மாணவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். கிள்ளானைக் கடந்து வந்த வகுப்பில் கேள்வி வேறாக இருக்கும். உணவே காரணம் என்றால் வேறு எவையெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்? அதே உணவை உண்ணும் பிற இனத்தவரிடம் என்ன காண்கிறோம்? மரபுக்கூறு, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேரும் உடலமைப்பு, கருவில் இருந்தபோது கிடைத்த ஊட்டம், இரவு வேலை, நோயைக் கண்டறியும் காலம் ஆகியவற்றுக்கு எவ்வளவு பங்கு? எந்தத் தரவு இருந்தால் இவற்றைப் பிரித்தறிய முடியும்? அந்த இரண்டு மாணவர்களையும் நோக்கி, "உங்கள் சமூகத்தில் எப்படி?" என்று ஆசிரியர் கேட்கவே கூடாது. ஒரு மாணவர் ஓர் இனத்தின் பேராளராக வகுப்புக்கு வருவதில்லை.

ஐந்தாம் உறுப்பு

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு உறுப்புகள் உடையதாகக் கொள்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். நான்காமவரைச் சேர்த்திருப்பது வியப்புக்குரியது. மருத்துவத்தைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் மறக்கப்படுபவர் அவரே. இன்று நம் வீடுகளில் அந்த நான்காமவர் யார் என்று கேட்டால் மகள், மருமகள், இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பணிப்பெண் என்று விடைகள் வரும். மகன் என்ற விடை குறைவாகவே வரும். ஏன் என்பதை வகுப்பு ஆராயட்டும்.

இன்றைய மருத்துவத்திற்கு ஐந்தாம் உறுப்பு ஒன்றும் உண்டு. அது பணம் செலுத்துபவர். இங்கே ஜொகூர் நீரிணையின் இரு கரைகளையும் ஒப்பிடுவதைவிடச் சிறந்த பாடம் நமக்குக் கிடைக்காது. மலேசியக் குடிமகன் ஒருவர் அரசாங்கப் பொதுக் கிளினிக்கில் 1 ரிங்கிட் செலுத்தி மருத்துவரைப் பார்க்கிறார்; சிறப்பு மருத்துவருக்கு 5 ரிங்கிட். எஞ்சிய செலவு பொது வருவாயிலிருந்து வருகிறது. சிங்கப்பூரிலும் அரசு மானியம் தருகிறது. ஆனால் அதனுடன் வேறு மூன்று அடுக்குகள் சேர்கின்றன. 1984-இல் தொடங்கிய மெடிசேவ், மத்திய சேமநிதியின் ஒரு பகுதியாக ஒவ்வொருவர் பெயரிலும் சேரும் மருத்துவச் சேமிப்பு. 1990-இல் வந்த மெடிஷீல்டு, பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்கான காப்புறுதி. 2015-இல் அது மெடிஷீல்டு லைஃப் ஆகி, முன்பே நோயுள்ளவர் உட்படக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும் ஆயுள் முழுதும் உள்ளடக்கியது. 1993-இல் அமைந்த மெடிஃபண்ட், இவற்றிற்குப் பின்னும் செலுத்த இயலாத குடிமக்களுக்கான உதவி நிதி.

பெயர்களை மனனம் செய்வதால் பயனில்லை. ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டும். வகுப்புக்காகக் கற்பனையாக ஒரு கட்டணம் கொள்வோம்: மானியம் கழிந்தபின் 10,000 வெள்ளி. காப்புறுதி தொடங்குமுன் நோயாளியே ஏற்க வேண்டிய முதல் தொகை 2,000 வெள்ளி. எஞ்சிய 8,000 வெள்ளியில் அவர் பங்கு நூற்றுக்குப் பத்து என்றால் 800 வெள்ளி. ஆக அவர் பொறுப்பு 2,800 வெள்ளி. இதனை மெடிசேவிலிருந்து செலுத்தலாம். இப்போது மூவரைக் கற்பனை செய்யச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். விட்டுவிட்டு வேலை செய்த லாரி ஓட்டுநர். ஒருபோதும் சம்பளத்திற்கு வேலை செய்யாமல் நால்வரை வளர்த்த இல்லத்தரசி. மூன்றாமவரின் சேமிப்பில் என்ன இருக்கும்? கணவருடைய அல்லது பிள்ளைகளுடைய மெடிசேவை அவருக்காகப் பயன்படுத்த விதி இடமளிக்கிறது. அது குடும்பப் பற்றுக்கு மதிப்பளிப்பதா, அவரைச் சார்ந்திருக்க வைப்பதா? இரண்டும் என்று சொல்லித் தப்பிக்க முயலும் மாணவரை ஆசிரியர் எளிதில் விட்டுவிடக்கூடாது.

ஒரு ரிங்கிட் முறை நியாயமானது என்று உடனே முடிவு செய்பவர்களிடமும் கேட்க வேண்டியவை உள்ளன. வரிசையில் காத்திருக்கும் நேரத்திற்கு விலையில்லையா? காத்திருக்க விரும்பாதோர் தனியார் மருத்துவமனைக்குச் சென்றபின், அரசு மருத்துவமனையின் தரத்திற்காகக் குரல் கொடுக்க யார் மிஞ்சுவர்? நோயாளியே ஒரு பங்கைச் செலுத்துவது தேவையற்ற செலவைக் குறைக்கும் என்னும் வாதத்திற்கு ஒரு பெரிய சோதனையே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1974 முதல் 1982 வரை 2,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்புறுதித் திட்டங்களில் சேர்த்து ஆராய்ந்தது. சிலருக்கு மருத்துவம் இலவசம். மற்றவர்கள் வெவ்வேறு விகிதங்களில் பங்கு செலுத்தினர். பங்கு செலுத்தியோர் குறைவாகவே மருத்துவரிடம் சென்றனர். ஆனால் தேவையற்ற சிகிச்சையைக் குறைத்ததைப் போலவே தேவையான சிகிச்சையையும் குறைத்துக்கொண்டனர். பெரும்பாலோரின் உடல்நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆயினும் உயர் இரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவசத் திட்டம் தெளிவாக நன்மை தந்தது. இரு தரப்பினரும் தமக்கு வேண்டியதை இம்முடிவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதாலேயே இது கலந்துரையாடலுக்கு மிகப் பொருத்தமானது.

ஐந்தாம் உறுப்பைப் பற்றிய பேச்சு குடிமக்களுடன் நின்றுவிடாது. இரு நாடுகளிலும் மேற்கண்ட சலுகைகள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இல்லை. சிங்கப்பூரில் வேலை அனுமதி பெற்ற ஊழியருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். அதன் குறைந்தபட்ச ஆண்டு வரம்பு 2023 ஜூலையில் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. 2020-இல் கோவிட் தொற்று இங்கே பெருமளவில் பரவிய இடம் தொழிலாளர் தங்குவிடுதிகள். லயத்தையும் தங்குவிடுதியையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை; கிள்ளான் தாள்களைப் படித்த மாணவர் யாராவது அதனைத் தாமே சொல்வார். ஒற்றுமைகளோடு வேற்றுமைகளையும் சொல்லச் செய்வது ஆசிரியர் வேலை.

மௌனமும் சொந்தக் கதையும்

வகுப்பை நடத்தும் நுட்பம் பற்றிச் சில சொற்கள். கேள்வி கேட்டதும் எழும் மௌனம் ஆசிரியரைக் கலங்க வைக்கும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருக்கின்றனர் என்று கண்டார். அதனை மூன்று நொடியாக நீட்டியதும் விடைகள் நீண்டன, பேசாதிருந்தோரும் பேசினர். மூன்று நொடி என்பது சிறிது என்று எண்ணுவோர் ஒரு வகுப்பின் முன் நின்று எண்ணிப் பார்க்கட்டும். நம் மாணவர்களுக்கு, அதிலும் மூத்தோர் முன் வாயைத் திறக்காமல் வளர்ந்தோருக்கு, இன்னும் நேரம் தேவை. இரண்டு நிமிடம் எழுதவிட்டுப் பிறகு பேசச் சொல்வது எனக்குத் தெரிந்தவற்றுள் சிறந்த வழி.

சொந்தக் கதைகளுக்கு முதல் வாரத்திலேயே சில வரம்புகளை வகுப்புடன் சேர்ந்து வகுத்துக்கொள்ள வேண்டும். தம் நோயையோ தம் வீட்டார் நோயையோ சொல்ல யாரும் கட்டாயப்படுத்தப்படமாட்டார். சொல்லப்பட்டது அறைக்கு வெளியே செல்லாது. தாயின் நோய் மகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று என்பதால், சொல்லுமுன் தாயை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படியும் ஒருவர் தம் துயரைச் சொல்லிவிட்டால், ஆசிரியர் முதலில் நன்றி கூற வேண்டும். பின்னர் அக்கதையிலிருந்து ஒரு பொதுக் கேள்வியை எடுத்து மற்றவரிடம் கொடுக்க வேண்டும். "உங்கள் தாயாரின் சோதனை முடிவை முதலில் உங்கள் அண்ணனிடம் சொன்னதாகக் கூறினீர்கள். உண்மையை நோயாளிக்கு முன் குடும்பத்தாரிடம் சொல்லும் வழக்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது, மாணவியின் துயரம் சோதனைப் பொருளாகாமல் காக்கப்படுகிறது, வகுப்புக்கும் பேச இடம் கிடைக்கிறது. வகுப்பு முடிந்தபின் அம்மாணவியிடம் தனியே இரண்டு வார்த்தை பேசுவதும், வேண்டுமெனில் பல்கலைக்கழக ஆலோசகரிடம் வழிகாட்டுவதும் ஆசிரியர் கடமை. தாமே ஆலோசகராக முயல வேண்டாம்.

மதிப்பெண் பற்றிக் கேட்பார்கள். அதிகம் பேசியவருக்கு அதிக மதிப்பெண் என்னும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் மாணவர் ஒரு தாளில் இரண்டே செய்திகளை எழுதட்டும்: இன்று வகுப்பில் யாருடைய எந்தக் கருத்து தம் எண்ணத்தை அசைத்தது, அது உண்மையா என்று அறிய வேண்டுமானால் எந்தத் தகவலைத் தேட வேண்டும். கருத்தைச் சொன்னவரின் பெயரையும் குறிப்பிட வேண்டும். அரைப் பக்கம் போதும். தமிழிலும் எழுதலாம் என்று ஆசிரியர் படிக்க வல்லவராயின் அனுமதிக்கலாம். அடுத்த வாரம் அத்தாள்களிலிருந்து இரண்டு கேள்விகளை எடுத்து, எழுதியவர் பெயரைச் சொல்லாமல், வகுப்பை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.